வேகன் ஆரில் போன் ஹோல்டரை எங்கே பொருத்துவது?

கேள்வி களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தது. கேட்டவர் ஒரு தங்கை. காலையில் கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்கு வேலைக்குப் போய் மாலையில் அதே வழியால் திரும்புகிறார். வாகனம் 2018ஆம் ஆண்டு வேகன் ஆர். முன்கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டர் வெயில் ஏறியதும் விழுந்துவிடுகிறது. அதற்கு முன் டாஷ்போர்டில் ஒட்டியது கழன்று, பசையை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. பின்காட்டும் கண்ணாடிக்கு நேர் கீழே பொருத்தச் சொல்கிறார் கணவர்; காந்த ஹோல்டர் வாங்கச் சொல்கிறார் தம்பி. எதை வாங்குவது, எங்கே வைப்பது, பொலிஸ் பிரச்சினை வருமா, பழைய பசையை எப்படி எடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, எதை வாங்குவது என்பதை நீங்கள் முதலில் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கல்முனையில் வாகன மின்வேலை செய்துகொண்டிருக்கும் எனக்கு, ஹோல்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு “இதை எங்கே பூட்டலாம்?” என்று வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. வாங்கிய ஹோல்டர் எங்கே பிடிக்குமோ அங்கேதான் அதன் பிறகு போன் இருக்கும். அந்த இடம் கண்ணுக்குச் சரியா, வெயிலுக்குச் சரியா, விபத்து நேர்ந்தால் சரியா என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை. ஆகவே இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இடம் தெரிந்தால் ஹோல்டர் வகை தானாகவே தெரிந்துவிடும்.

இடம் தேடுவதற்குக் காசு தேவையில்லை. வழக்கமாக ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து ஆசனப் பட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பியைப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி, போனை வெவ்வேறு இடங்களில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, வீதியிலிருந்து போனுக்குக் கண்ணை இறக்கும்போது தலையும் சேர்ந்து குனிகிறதா? தலை குனிந்தால் அந்த இடம் வேண்டாம். ஜப்பானிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் வழிகாட்டி, வாகனத்தில் உள்ள திரை கண் மட்டத்திலிருந்து 30 பாகைக்கு மேல் கீழே இருக்கக்கூடாது என்கிறது. நம் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் செய்தவை என்பதால் அந்தக் கணக்கையே நாமும் வைத்துக்கொள்ளலாம். அளவு நாடாவில் சொல்வதென்றால், கண்ணிலிருந்து முன்னோக்கி 70 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும் போன், கண் மட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. கியருக்குப் பக்கத்தில், கோப்பை வைக்கும் குழியில் நிறுத்தும் ஹோல்டர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன.

இரண்டாவது, போன் எதை மறைக்கிறது? இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. நாம் இடது பக்கமாக ஓட்டுகிறோம், சாரதி வலது பக்கத்தில் இருக்கிறார். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் வழிவிட வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வருபவரைக் கடந்து திரும்ப வேண்டும். அந்த இரண்டு நேரத்திலும் நம் கண் தேடுவது வலது முன்தூணுக்கு, அதாவது முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் நிற்கும் தூணுக்கு, பக்கத்தில். அந்தத் தூண் சாரதிக்கு மிக அருகில் இருப்பதால், ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைக்க அதுவே போதும். அதற்குப் பக்கத்தில் முன்கண்ணாடியின் வலது மூலையில் ஒரு போனையும் நிறுத்தினால் தூணை இரண்டு மடங்கு தடிப்பாக்கியது போலத்தான். “கண்ணுக்குக் கிட்ட இருக்கிறது, வசதியாக இருக்கிறது” என்று அந்த மூலையை விரும்புபவர்கள் நிறையப் பேர். காத்தான்குடி போன்ற நெரிசலான ஊரில், ஒவ்வோர் ஒழுங்கையிலிருந்தும் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் எட்டிப் பார்க்கும் இடத்தில், அந்த வசதி எனக்குப் பிடிக்காது. வலது பக்கத்தில் வைக்கத்தான் வேண்டும் என்றால், கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் கீழே, ஏசி வாயின் உயரத்தில் வைத்தால் பரவாயில்லை.

கணவர் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். பின்காட்டும் கண்ணாடிக்குக் கீழே, முன்கண்ணாடியின் நடுவில். அங்கே வைத்தால் கண் குனிய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் இடப்பக்கத்திலிருந்து வீதியைக் கடக்க வரும் பிள்ளையும் மாடும் அந்த நடுப்பகுதி வழியாகத்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். போதாததற்கு, உயரத்தில் ஒட்டிய ஹோல்டருக்கு நீண்ட கை தேவை. கை நீள நீள ஆட்டம் கூடும். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் வழிகாட்டும் கருவியை முன்கண்ணாடியில் ஒட்ட இரண்டு கீழ் மூலைகளைத்தான் அனுமதிக்கிறது: சாரதிக்குத் தூரமான மூலையில் ஏழு அங்குலச் சதுரம், சாரதிக்கு அருகிலுள்ள மூலையில் ஐந்து அங்குலச் சதுரம். பின்னதும் எயார்பேக் விரியும் இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. இருந்தாலும், முன்கண்ணாடியின் நடுவை ஏன் விட்டுவிட்டார்கள் என்று கணவரையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் தூரமான மூலை இடது கீழ் மூலை. அந்தப் பக்கத்தில்தான் வருமான அனுமதிப்பத்திரமும் ஒட்டியிருக்கும். அதை மறைத்து எதையும் பொருத்தாதீர்கள்.

இனி வெயில். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு இதில் இருக்கிறது. எந்தப் பெட்டியின் மேலும் அது எழுதியிருக்காது.

நம் பிரதான வீதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மலை இல்லை, மறைப்பு இல்லை. காலை வெயில் கடல் பக்கத்திலிருந்தும் மாலை வெயில் வாவிப் பக்கத்திலிருந்தும் கிடையாக வந்து காருக்குள் விழும். நீங்கள் காலையில் களுவாஞ்சிகுடியிலிருந்து தெற்கே போகிறீர்கள்; வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மாலையில் வடக்கே திரும்புகிறீர்கள். மேற்கு இப்போது உங்கள் இடப்பக்கம், வெயிலும் மறுபடி இடப்பக்கம். மார்கழியில் காலையில் சற்று முன்னாலும் மாலையில் சற்றுப் பின்னாலும், ஆனியில் அதற்கு மாறாகவும் வருமே தவிர, வெயிலின் பக்கம் மாறாது. ஆகவே உங்கள் போன் நடுவில் இருந்து, முகம் உங்களை நோக்கித் திரும்பியிருந்தால், வெயில் அதன் முதுகில் அடிக்கும். திரை நிழலில் இருக்கும். அதே போனை உங்களுக்கு வலது பக்கத்தில் வைத்தால் அதன் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். காலையும் மாலையும் முகத்திலேயே வெயில் வாங்கும், ஒன்றும் தெரியாது.

இப்போது அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அதே வீதி, அதே நேரம், எதிர்த் திசை. காலையில் வடக்கே போகிறார், கிழக்கு வலப்பக்கம். மாலையில் தெற்கே வருகிறார், மேற்கு வலப்பக்கம். அவருக்கு நடு இடம் வெயிலில் எரியும். வலது ஏசி வாயில் வைத்தால் திரை நிழலாக இருக்கும். உங்களுக்குச் சரியான இடம் அவருக்குப் பிழையான இடம். “எனக்கு இது நன்றாக வேலை செய்கிறது, நீயும் இதையே வாங்கு” என்று சொல்பவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பேச்சைக் கேட்க வேண்டும்.

உங்கள் பயணத்தில் இன்னொரு துண்டு இருக்கிறது. காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் பகுதி. காலையில் மேற்கு நோக்கிப் போகிறீர்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் கிழக்கு நோக்கி வருகிறீர்கள், அப்போதும் பின்னால். பின்கண்ணாடி வழியாக வரும் வெயில் போன் திரையில் பட்டுத் தெறிக்கும். இதற்குப் பக்கம் மாற்றிப் பயனில்லை, சாய்வைத்தான் மாற்ற வேண்டும். திரை மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தால், பின்னாலிருந்து வரும் ஒளி மேலே தெறித்து நேராகக் கண்ணுக்கு வரும். திரையை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்தால் அதே ஒளி கீழே, மடியை நோக்கிப் போய்விடும். முன்கண்ணாடியின் சாய்வோடு சேர்த்துப் போனையும் சாய்த்து வைப்பது பார்க்க அழகாக இருக்கும்; பயன்பாட்டுக்கு அது கெடுதல். பளபளப்பில்லாத திரைக்காப்பு ஒட்டினால் இன்னும் நல்லது.

உங்கள் வாகனத்தில் மேலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. 2017இல் வந்த இந்த வடிவ வேகன் ஆரில் வேகமானி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லை; டாஷ்போர்டின் நடு மேல்பகுதியில் இருக்கிறது. ஆகவே “டாஷ்போர்டின் மேல் நடுவில்” என்ற பொதுவான அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. அங்கே வைத்தால் வேகமும் எச்சரிக்கை விளக்குகளும் மறையும். நடு மீற்றர் உள்ள அக்வா, பழைய விட்ஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கியர் தண்டு தரையில் இல்லாமல் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. நடுப்பகுதியில் போனைத் தாழ்வாக வைத்தால், கியரைத் தள்ளும்போது கை முட்டும். ஆபத்து விளக்குப் பொத்தானும் மறையக்கூடாது. மழை இருட்டில் திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எயார்பேக்கைப் பற்றி ஒரு சொல். முன்பயணிக்கான எயார்பேக் இடப்பக்க டாஷ்போர்டுக்குள் மடிந்திருக்கிறது; எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருக்கும் இடம் அதுதான். மோதல் நேர்ந்தால் அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்து முடிந்துவிடும். அதன் மேல் ஒட்டிய ஹோல்டரும் போனும் அந்த வேகத்தோடு உங்கள் கணவரின் முகத்துக்குப் போகும். இடப்பக்க டாஷ்போர்டின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். போன் ஹோல்டர் மட்டுமில்லை, வாசனைப் போத்தலும் சாமிப் படமும் அதில் அடங்கும். தூணிலும் ஒட்ட வேண்டாம். சில வாகனங்களில் பக்கத் திரை எயார்பேக் அந்த வழியாகத்தான் இறங்கும்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஓர் இடம்தான்: நடுவில் உள்ள ஏசி வாய்களில் உங்கள் பக்கத்து வாய். மீற்றருக்குக் கீழே, கியருக்கு மேலே, முகம் உங்களை நோக்கித் திரும்பி, செங்குத்தாக. வெயில் கணக்கும் அதற்கே சாதகம். அங்கே பெரிய போன் வைத்தால் கியரில் முட்டுகிறதா என்று தம்பியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் படுக்கையாக வையுங்கள்.

இடம் ஏசி வாய் என்றானதும் ஹோல்டரும் முடிவாகிவிட்டது. ஏசி வாயில் மாட்டும் ஹோல்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று துணி காயப்போடும் கிளிப் மாதிரிக் கடிக்கும். புதிதில் நன்றாகப் பிடிக்கும். சில மாதத்தில் தளர்ந்து, குழியில் விழும்போதெல்லாம் தலையாட்டும். மற்றது, ஏசித் தகட்டுக்குப் பின்னால் கொக்கியை மாட்டி, முன்னாலிருந்து திருகாணியால் இறுக்குவது. இதை வாங்குங்கள். முன்னது மலிவு என்பதைத் தவிர அதற்கு நான் சொல்லக்கூடிய நல்லது ஒன்றும் இல்லை. தகடுகள் மெல்லிய பிளாஸ்டிக், அதனால் எடை முழுவதும் ஒரு தகட்டில் தொங்காமல், ஹோல்டரின் அடியில் ஒரு முட்டுக்கால் டாஷ்போர்டில் ஊன்றியிருக்க வேண்டும். இன்றைய பெரிய போன்கள் 230 கிராமை எட்டிவிட்டன. உறையோடு அதற்கும் மேல். முட்டுக்கால் இல்லாத ஹோல்டரில் அந்த எடை தகட்டை மெல்ல மெல்ல வளைத்து, ஒரு நாள் தகட்டின் காது உடையும். தகடு மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு வாயையும் மாற்றச் சொல்வார்கள். உருண்டை வாய் உள்ள கார்களுக்கும், நெட்டாக நிற்கும் தகடு உள்ள கார்களுக்கும் எல்லாக் கொக்கியும் பொருந்தாது. காரைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், மாட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

ஏசி வாயில் வைப்பதற்கு நம் ஊரில் இன்னொரு பெரிய காரணம் சூடு. ஐபோன் வேலை செய்வதற்கு ஏற்ற சுற்று வெப்பநிலை 35 பாகை வரை என்று ஆப்பிள் சொல்கிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மட்டக்களப்பில் மர நிழலிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. மூடி நிறுத்திய காருக்குள் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். வரைபடம் ஓடிக்கொண்டு, திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டு, சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் போன் தானாகவே சூடாகும். அதன் மேல் முன்கண்ணாடி வெயிலும் சேர்ந்தால், முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் ஆற விடச் சொல்லி எச்சரிக்கை காட்டிவிட்டு வரைபடத்தை மூடிவிடும். போன் பழுதாகிவிட்டது என்று கொண்டுவருபவர்களிடம், எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஏசிக் குளிர் முதுகில் படும் போனுக்கு இந்தத் தொல்லை வராது. பெற்றோல் மிச்சம் பிடிக்க ஜன்னலைத் திறந்து ஓடுபவர்களுக்கு இந்த நன்மை கிடையாது. நுவரெலியாப் பக்கம் போய்ச் சூட்டுக் காற்றைப் போட்டால் அந்த வாயை மட்டும் மூடிவிடுங்கள்.

உங்கள் முன்கண்ணாடி ஹோல்டர் ஏன் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வான் வைத்திருப்பவர்களுக்கும் உதவும். உறிஞ்சு கிண்ணம் பிடிப்பது காற்றழுத்தத்தால். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஆறு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தில் உள்ளே காற்றே இல்லை என்றால், கணக்குப்படி 28 கிலோவைத் தாங்கும். அப்படியானால் போனின் எடையால் அது விழவில்லை. காற்றுக் கசிந்ததால்தான் விழுந்தது. வெயிலில் கிண்ணத்தின் பிளாஸ்டிக் இளகும், உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று விரியும், விளிம்பில் ஒரு மணல் இருந்தாலும் அந்த வழியால் காற்று நுழையும். கடற்கரையை அண்டிய நமக்கு உப்புப் படலமும் மணலும் எப்போதும் உண்டு. கண்ணாடியை மருந்தகத்தில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, கிண்ணத்தை வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, காலைக் குளிரில் ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். வெயிலில் நிறுத்தப் போகும்போது கழற்றி வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். சொரசொரப்பான டாஷ்போர்டில் சாதாரணக் கிண்ணம் பிடிக்கவே பிடிக்காது. அதற்கு ஒட்டும் ஜெல் பூசிய கிண்ணம் வேண்டும்.

பசையில் ஒட்டியது கழன்றதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் சேர்விஸ் ஸ்டேஷன். கழுவி முடித்ததும் டாஷ்போர்டில் எதையோ விசிறிப் பளபளக்க வைப்பார்கள் அல்லவா, அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. மற்றது அவசரம். ஒட்டிய கையோடு போனை மாட்டிவிடுகிறோம். திரீ எம் நிறுவனம் தன்னுடைய வி.எச்.பி. ஒட்டுப்பட்டிக்குச் சொல்லும் கணக்கு இது: 20 நிமிடத்தில் பாதிப் பிடி, 24 மணி நேரத்தில் 90 வீதம், முழுப் பிடிக்கு 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையில் ஒட்டினால் திங்கள் மாலைதான் போனை வைக்கலாம். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கும், நடு மீற்றர் இல்லாத கார் வைத்திருப்பவர்களுக்கும், ஸ்டியரிங்குக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் டாஷ்போர்டின் விளிம்பில் ஒட்டும் குட்டை ஹோல்டர்தான் எல்லாவற்றிலும் உறுதியானது.

காந்தம் பற்றித் தம்பி சொன்னது பாதி சரி. ஒரு கையால் வைத்து ஒரு கையால் எடுக்கலாம், அது பெரிய வசதி. ஐபோன் 12இலிருந்து, அதாவது 2020இலிருந்து, பெரும்பாலான ஐபோன்களின் முதுகிலேயே காந்த வளையம் வருகிறது. மற்றப் போன்களுக்கு உறைக்குள் இரும்புத் தகடு வைக்க வேண்டும். தகடு வைத்தால் கம்பியில்லாச் சார்ஜ் வேலை செய்யாது. போனுக்குள் இருக்கும் திசைகாட்டியையும் காந்தம் குழப்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது வரைபடம் உங்கள் நகர்வைப் பார்த்துத் திசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சந்தியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று பார்க்கும்போதுதான் அம்பு ஒரு பக்கம், வீதி ஒரு பக்கம் என்று நிற்கும். தினமும் தெரிந்த வழியில் போய்வரும் உங்களுக்கு அது தொல்லையில்லை. மஹியங்கனைப் பதினெட்டு வளைவு வழியாகக் கொழும்புக்குப் போவதென்றால், மலிவான காந்தத்தை நம்ப மாட்டேன். வளைவில் கழன்ற போன் பிரேக் மிதிக்கு அடியில் போய்க் கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் பயணத்துக்குப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் கைகள் உள்ளதே நல்லது. கவ்வும் கை போனின் ஒலிப் பொத்தானை அமுக்காத இடத்தில் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் ஓடும் தம்பிமாருக்கு ஒரு குறிப்பு: அதிக வலுவுள்ள மோட்டார் சைக்கிளின் அதிர்வு போன் கமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் அறிவித்திருக்கிறது. ஹாண்டிலில் நேராகப் பொருத்தாமல், அதிர்வைக் குறைக்கும் ஹோல்டரைப் பாருங்கள்.

சார்ஜ் வயர் இடப்பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். கியரைச் சுற்றியோ ஸ்டியரிங்கின் மேலாகவோ போகக்கூடாது. ரேடியோவில் உள்ள யூஎஸ்பி துளையை நம்பாதீர்கள். பலவற்றில் அரை அம்பியர்தான் வரும், வரைபடம் ஓடும்போது சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கும். 12 வோல்ற் துளையில் ஒரு நல்ல சார்ஜரைச் செருகுங்கள். கம்பியில்லாச் சார்ஜ் ஹோல்டர் இங்கே எனக்கு உடன்பாடில்லை. அது சார்ஜைவிடச் சூட்டைத்தான் தாராளமாகக் கொடுக்கும்.

பொலிஸ் பிரச்சினைக்கு வருவோம். வாகனம் ஓட்டிக்கொண்டு போனைக் கையில் பிடித்துப் பேசுவது இலங்கையில் குற்றம். ஹோல்டரில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஹோல்டரில் இருக்கிறது என்பதற்காக ஓடும்போது தட்டெழுதினால், கவனயீனமாக ஓட்டியதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். கண்ணை எடுக்கும் நேரத்தைப் பற்றி அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வாகன உற்பத்தியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்தது. வாகனத்துக்குள் இருக்கும் ஒரு கருவியைப் பார்க்க ஒரு தடவைக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆகக்கூடாது, ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது அதன் சாரம். இரண்டு நொடி கொஞ்சம் என்று தோன்றும். மணிக்கு 50 கிலோமீற்றரில் அது 28 மீற்றர். 70இல் ஏறத்தாழ 39 மீற்றர். வேளாண்மை வெட்டுக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் பாதி வீதியில் நெல் காயும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் பெட்டியோடு போகும். அந்த 39 மீற்றருக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பது என்னைவிடத் தினமும் போகும் உங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரைக்கும் யாருக்கும் வரைபடம் தேவையில்லை. ஒரே வீதி. தேவைப்படும் இடங்களில்கூட குரல் வழிகாட்டலைத் தமிழில் போட்டு, காரின் ஒலிபெருக்கியோடு புளூடூத்தில் இணைத்துவிட்டால் திரையைப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விடும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன எழுத்து, வாசிக்கும் கண்ணாடிக்கும் எட்டாது, தூரக் கண்ணாடிக்கும் தெரியாது. தெரியும்வரை உற்றுப் பார்ப்பார்கள், கார் ஓடிக்கொண்டிருக்கும். புனானைப் பக்கமோ லாகுகலைப் பக்கமோ காட்டு வழியே நீண்ட பயணம் போவதென்றால், வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீதிகளில் இரவில் போனால் திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி, வெளிச்சத்தை முடிந்தவரை குறையுங்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஒரு வெள்ளைத் திரை அதை நொடியில் கெடுத்துவிடும். காட்டோரம் நிற்கும் யானை கறுப்பு. திரையின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுகிறதா என்பதையும் வீட்டு முற்றத்திலேயே, இருட்டிய பிறகு, ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். விழுந்தால் இன்னும் சற்று நிமிர்த்த வேண்டும்.

கடைசியாக அந்தப் பழைய பசை. கத்தியால் சுரண்டாதீர்கள், டாஷ்போர்டில் விழும் கீறல் போகாது. தலைமுடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடேற்றுங்கள், இல்லையென்றால் காரை மத்தியான வெயிலில் கொஞ்ச நேரம் விடுங்கள், வேலை முடிந்தமாதிரித்தான். பட்டி இன்னும் தடிப்பாக ஒட்டியிருந்தால், மீன் பிடிக்கும் தங்கூசியில் ஒரு துண்டெடுத்து, இரு கைகளிலும் சுற்றிப் பிடித்து, பட்டிக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் வாளால் அறுப்பது போல இழுங்கள். சுத்தமாக வெளியே வரும். மிஞ்சும் பிசுக்கைப் பெருவிரலால் உருட்டி எடுக்கலாம். அதற்கும் வராததற்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டுத் துடையுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயை முழுவதும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தங்கிய இடத்தில் அடுத்து எதை ஒட்டினாலும் பிடிக்காது.